ஞாயிற்றுப் புயல்களும் அவை பற்றிய கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

ஞாயிற்றை வணங்காத பழங்குடிகள் உலகில் இல்லையென்றே கூறலாம். பயிருக்கு வெயிலையும் பகலுக்கு ஒளியையும் வழங்கும் அதனை என்றும் மாறாத ஒன்றாகவே மனிதன் கருதிவந்தான். இந்த நம்பிக்கை தளர்ந்து, ஞாயிறும் சினந்தெழுந்து அடங்கும் இயல்புடையதென்பதும் அச்சினம் பூமியின் காந்தத்தையும் கம்பிகளையும் வானொலியையும் தாக்குகின்றதென்பதும் தெளிவாவதற்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் சென்றன. இன்று விண்வெளி வானிலை என்ற பெயரால் வழங்கும் இவ்வறிவுத்துறை, பிற துறைகளைப் போலவே, உண்மைகளால் மட்டும் வளர்ந்ததன்று. மெய்யான தொடர்பைப் பேரறிஞர் மறுத்ததும், மெய்யல்லாத தொடர்பை அறிஞர் ஏற்றதும் இதன் வரலாற்றிலே அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. மாணவர்க்கு இத்துறையைக் கற்பிக்கப் புகுவோர் முடிவுகளை மாத்திரம் கூறி அமைவதா, முடிவுகள் பெறப்பட்ட வழியையும் காட்டுவதா என்ற வினாவுக்கு இவ்வரலாறே விடை தருகின்றது.

புள்ளிகளும் காந்தவூசியும்

வெறுங்கண்ணுக்குப் புலனாகும் பெரும் புள்ளிகளைச் சீனர் மிகப் பழங்காலத்திலேயே குறித்துவைத்தனர். தொலைகாட்டி வழியாக அவற்றை ஆராய்தல் 1610 ஆம் ஆண்டளவிலே தொடங்கியது. இங்கிலாந்தில் ஹாரியட், இத்தாலியில் கலிலியோ, ஜெர்மானிய நிலத்தில் பப்ரிசியஸ், சைனர் ஆகியோர் ஏறக்குறைய ஒரே காலத்தில் இம்முயற்சியில் ஈடுபட்டனர். புள்ளிகள் ஞாயிற்றின் மேற்பரப்பிலேயே உள்ளனவென்றும், அவற்றின் இடப்பெயர்ச்சி ஞாயிறு தன்னைத்தானே சுற்றுவதைக் காட்டுகின்றதென்றும் கலிலியோ வாதிட்டார். ஆயினும் அப்புள்ளிகளுக்கும் பூமிக்கும் தொடர்புண்டென எவரும் அன்று எண்ணினாரல்லர்.

மறுபுறத்திலே காந்தவூசியின் வரலாறு தனிவழியிற் சென்றது. பூமியே ஒரு பெருங்காந்தமென்பதை 1600 ஆம் ஆண்டில் கில்பேட் எடுத்துரைத்தார். 1741 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனில் கிரகாமும் சுவீடனின் உப்சாலாவில் செல்சியசும் அவருடைய உதவியாளர் யோர்த்தரும் ஒரே வேளையில் தத்தம் ஊசிகள் அமைதியிழந்து அலைவதைக் கண்டனர். வடவானில் துருவ ஒளி தோன்றும் இரவுகளில் ஊசி அலைவதையும் உப்சாலாவிலே கண்டறிந்தனர். நெடுந்தொலைவிலுள்ள இரு நகரங்களில் ஒரே கணத்தில் ஊசி அலையுமாயின் காரணம் உள்ளூரில் இருத்தல் இயலாது. அது உலகளாவியதாதல் வேண்டும்.

இவ்விரு வழிகளும் சந்திப்பதற்குக் காரணராயிருந்தவர் டெசாவ் நகரத்து மருந்து வணிகர் ஒருவர். சுவாபே என்னும் அவர் புதனுக்கும் உள்ளே ஞாயிற்றைச் சுற்றும் கோளொன்றைக் கண்டுபிடிக்கும் ஆசையினால் 1826 ஆம் ஆண்டு முதல் தெளிந்த நாள்தோறும் ஞாயிற்றை நோக்கி, கோளைப் புள்ளியென மயங்காதிருக்கும் பொருட்டுப் புள்ளிகள் யாவற்றையும் குறித்துவந்தார். தேடிய கோள் கிட்டவில்லை. அப்படியொரு கோள் இல்லையென்பது பின்னரே உறுதியாயிற்று. ஆனால் பதினெட்டு ஆண்டுக் குறிப்புகளை ஒப்புநோக்கியபோது புள்ளிகள் ஏறக்குறைய பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெருகிச் சிறுகுவது வெளிப்பட்டது. 1844 இல் வெளிவந்த அவருடைய சிறு கட்டுரையை முதலிற் பொருட்படுத்தியவர் சிலரே. ஹம்போல்ற் தமது பெருநூலில் அதனை எடுத்துக்காட்டிய பின்னரே அறிஞருலகம் விழித்தது. அக்காலை பிரித்தானியரின் குடியேற்ற நாட்டு அவதான நிலையங்கள் திரட்டிய காந்த அளவீடுகளை ஆராய்ந்துகொண்டிருந்த சபைன், காந்தக் குழப்பங்களின் ஏற்றத்தாழ்வும் புள்ளிகளின் ஏற்றத்தாழ்வும் ஒத்துச்செல்வதை 1852 ஆம் ஆண்டில் அறிவித்தார். சுழற்சியின் சராசரிக் காலம் பதினோராண்டுக்கு அண்மையதென்பதை வொல்ப் பழைய குறிப்புகளையும் கூட்டி நிறுவினார்.

பொதியமலையில் ஒரு காந்த நிலையம்

இவ்வாய்விலே தமிழர்க்கு நெருங்கிய நிலப்பகுதியொன்றும் பங்குகொண்டது. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மன்னர் காலத்தில், 1837 ஆம் ஆண்டில், அவதான நிலையமொன்று நிறுவப்பட்டது. 1852 இல் அதன் தலைமையை ஏற்ற ஜோன் அலன் புறூண், நகரத்து நிலையத்தோடு அமையாது அகத்தியமலையின் உச்சியிலும் காந்தக் கருவிகளை நிறுவினார். தமிழிலக்கணத்தின் முதலாசிரியராகப் போற்றப்படும் அகத்தியரோடு மரபு பிணைத்துக் கூறும் பொதியமலை, மழையும் காட்டு விலங்குகளும் நிறைந்த இடம். அங்கு கருவிகளை ஏற்றிக் காப்பதும் இடைவிடாது அளவெடுப்பதும் எளிய செயலல்ல. அளவெடுத்தவருட் பலர் உள்ளூர் உதவியாளரே. சமவெளியிலும் மலையுச்சியிலும் காந்தக் குழப்பங்கள் ஒருங்கே நிகழ்வதையும், சில குழப்பங்கள் ஏறக்குறைய 26 நாட்களுக்கு ஒருமுறை மீண்டு வருவதையும் புறூண் கண்டார். அவ்விடைவெளி, பூமியிலிருந்து நோக்குமிடத்து ஞாயிறு ஒருமுறை சுழன்றுவரும் காலத்துக்கு மிக அண்மையது. இதன் பொருள் முழுவதும் விளங்க மேலும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

1859 ஆம் ஆண்டின் பெரும்புயல்

1859 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி முற்பகல் 11 மணி 18 நிமிடமளவில், இங்கிலாந்தின் றெட்ஹில் என்னுமிடத்தில் தமது சொந்த நிலையத்தில் புள்ளிக்கூட்டமொன்றை வரைந்துகொண்டிருந்த கரிங்ரன், அக்கூட்டத்தின்மேல் இரண்டு வெண்ணொளித் திட்டுகள் திடீரெனச் சுடர்வதைக் கண்டார். சான்றுக்கு ஆளழைக்க ஓடி ஒரு நிமிடத்தில் மீண்டபோது அவை மங்கத் தொடங்கிவிட்டன. ஐந்து நிமிடத்தில் யாவும் மறைந்தன. நற்காலமாக ஹொட்சன் என்பவரும் வேறிடத்திலிருந்து அதே காட்சியைக் கண்டிருந்தார். கியூ நிலையத்துக் காந்தப் பதிவில் அதே வேளையில் ஒரு சிறு துடிப்பு விழுந்திருந்தது. பதினேழரை மணிநேரமளவு கடந்தபின் பூமியெங்கும் பெருங்காந்தப்புயல் மூண்டது.

துருவ ஒளி வெப்பவலயத்துக் கியூபாவிலும் காணப்பட்டது. தந்திக் கம்பிகளிலே தாமாக மின்னோட்டம் பாய்ந்தது. அமெரிக்காவின் பொஸ்ரன், போட்லாந்து நகரங்களுக்கிடையே தந்தி இயக்குநர் தமது மின்கலங்களைத் துண்டித்துவிட்டு, வானம் ஊட்டிய மின்னோட்டத்தைக் கொண்டே செய்தி பரிமாறினர்.

ஐரோப்பிய நிலையங்கள் சிலவற்றில் புயலின் உச்சம் கருவியின் எல்லையைக் கடந்து பதிவாகாது போயிற்று. பம்பாயின் கொலாபா நிலையத்தில் மாத்திரம் காந்தப்புலத்தின் கிடைக்கூறு ஏறக்குறைய 1600 நனோதெசுலா வீழ்ந்தமை கைப்பட எழுதிய அளவுகளாக எஞ்சியிருந்தது. 2003 ஆம் ஆண்டில் ஆய்வாளர் அப்பழைய ஏடுகளை மீள ஆராய்ந்து புயலின் வலிமையை மதிப்பிட்டனர். இந்நிலையம் தொடர்ந்து வாழ்ந்த விதமும் குறிப்பிடத்தக்கது. பம்பாயில் மின்சார டிராம் ஓடத் தொடங்குமாயின் அளவீடுகள் கெடுமென உணர்ந்த நிலையத் தலைவர் மூஸ், நகரத்துக்கு அப்பாலுள்ள அலிபாகில் புதிய நிலையத்தை நிறுவினார். 1904 ஆம் ஆண்டளவிலே அங்கு தொடங்கிய அளவீடு அறுபடாது தொடர்ந்தமையாலேயே நீண்டதொரு காந்த வரலாறு எஞ்சிற்று.

கரிங்ரன் தாம் கண்ட சுடரே புயலுக்குக் காரணமென உறுதிகூறவில்லை. ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு விதி வகுத்தல் ஆகாதென்பதே அவர் நிலை.

பஞ்சமும் புள்ளிகளும்

கரிங்ரன் காட்டிய நிதானத்தைப் பின்வந்தோர் சிலர் காத்தனரல்லர். 1876 ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருஷப் பஞ்சமெனத் தமிழகத்து முதியோர் நெடுங்காலம் நினைவுகூர்ந்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பிழைத்தோருட் பெருந்தொகையினர் கடல்கடந்து இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். மலையகத் தமிழரின் வரலாற்றில் அவ்வாண்டுகள் அழியாத தடம் பதித்தன.

அந்நாள்வரை சென்னையில் பதிவாகியிருந்த மழையளவுகளை ஆராய்ந்த ஹன்ரர், நோர்மன் லொக்கியர் ஆகியோர், ஞாயிற்றுப் புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழை குன்றிப் பஞ்சம் விளைகின்றதென 1877 ஆம் ஆண்டில் எழுதினர். ஞாயிற்றை நோக்கியே பஞ்சத்தை முன்கூட்டி அறியலாமென்ற நம்பிக்கை அரசினரிடையேயும் பரவிற்று. கோடைக்கானலில் ஞாயிற்றவதான நிலையம் அமைக்கப்பட்டமைக்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணமாகும். மிச்சி சிமித் தேர்ந்தெடுத்த அம்மலையில் 1899 இல் பணிகள் தொடங்கி, 1901 இல் அவதானம் ஆரம்பமாயிற்று.

ஆனால் நீண்டகால அளவுகளைக் கொண்டு இத்தொடர்பைச் சோதித்தபோது அது நிலைக்கவில்லை. இந்திய வானிலைத் திணைக்களத்தின் தலைவராக 1904 இல் பதவியேற்ற கில்பேட் வோக்கர், புள்ளிகளுக்கும் மழைக்குமுள்ள ஒட்டுறவு மிகச் சிறிதென்று கண்டார். பருவக்காற்றின் திறவுகோலை வேறிடத்தில் தேடிய அவர், பசுபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்குமிடையே வளியமுக்கம் ஊசலாடுவதை எடுத்துக்காட்டினார். 1877 ஆம் ஆண்டில் மழை பொய்த்தமை பசுபிக் சமுத்திரத்தின் எல்நினோ வெப்பப் பெருக்கோடு தொடர்புடையதென்பது இன்று தெளிவு.

இவ்விடத்தில் அறிவியற் பிழையோடு அரசியற் பயனொன்றும் கலந்திருந்தமையை மறத்தலாகாது. மழை பொய்த்தமை இயற்கையின் செயல். மழை பொய்த்த நாட்டிலிருந்து தானியம் கப்பலேறியதும், நிவாரண வேலை செய்தோர்க்கு உயிர்தாங்கப் போதாத கூலி வழங்கப்பட்டதும் மனிதரின் செயல்கள். பஞ்சத்தை ஞாயிற்றின் கணக்கில் எழுதிவிட்டால் ஆட்சியின் கணக்கில் எழுத எதுவும் எஞ்சாது. இரு எண்வரிசைகள் சிலகாலம் ஒத்துச்செல்வதைக் கொண்டு ஒன்றை மற்றதன் காரணமெனக் கொள்வது எத்துணை ஆபத்தானதென்பதற்கு இதனினும் துயரமான எடுத்துக்காட்டு தமிழ் மாணவனுக்குக் கிடைப்பது அரிது.

ஆயினும் பிழையான நம்பிக்கையோடு எழுந்த நிலையமே பிற்காலத்தில் மெய்யான அறிவை ஈந்தது. 1909 ஆம் ஆண்டில் ஜோன் எவெசெட் கோடைக்கானலில் எடுத்த நிறமாலைப் படங்களைக் கொண்டு, புள்ளிகளின் வெளிவிளிம்பில் வாயு புறநோக்கிப் பாய்வதைக் கண்டுபிடித்தார். அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் அங்கே திரண்ட ஞாயிற்றுப் படங்கள் உலகின் மிக நீண்ட படத்தொகுதிகளுள் வைத்தெண்ணப்படுகின்றன.

கெல்வின் பிரபுவின் மறுப்பு

ஹன்ரரும் லொக்கியரும் இல்லாத தொடர்பை ஏற்றனரெனின், கெல்வின் பிரபு உள்ள தொடர்பை மறுத்தார். 1892 ஆம் ஆண்டில் றோயல் சங்கத்தின் தலைவராக உரையாற்றிய அவர், 1885 ஆம் ஆண்டு நிகழ்ந்த காந்தப்புயலொன்றைக் கணக்கிட்டார். ஞாயிறு காந்த அலைகளை எத்திசையும் பரப்பி அப்புயலை விளைத்திருக்குமாயின், எட்டு மணிநேரத்தில் அது செலவிட்ட சக்தி நான்கு மாதங்களில் ஒளியாகவும் வெப்பமாகவும் வழங்கும் சக்திக்கு ஈடாகும். இது நடவாத காரியம். ஆதலின் புயலுக்கும் புள்ளிக்கும் கண்ட ஒற்றுமை தற்செயலேயென்பது அவர் முடிபு.

கணக்கிற் பிழையில்லை, கணக்கின் அடிப்படையிலேயே பிழை இருந்தது. ஞாயிறு காந்தத்தை எத்திசையும் வீசுவதில்லை. மின்னேற்றமுடைய துணிக்கைகளை ஒருசில திசைகளில் எறிகின்றது. கிறீனிச் நிலையத்தில் பணியாற்றிய வோல்ரர் மோண்டர், 1882 முதல் 1903 வரையிலான புயல்களை நிரல்படுத்தி, 27 நாட்களுக்கு ஒருமுறை அவை மீள்வதை 1904 இல் எடுத்துக்காட்டினார். சுழலும் ஞாயிற்றின் ஒரு பகுதியிலிருந்து ஒடுங்கிய தாரையொன்று புறப்பட்டு, சுழற்சிதோறும் பூமியைத் தீண்டுமாயின் இவ்வாறே நிகழும். பொதியமலையிலே புறூண் கண்டதற்கு இப்போது பொருள் கிடைத்தது. மோண்டரின் மனைவி அனி மோண்டரும் இத்துறையில் உழைத்த கணித வல்லுநர். மணஞ்செய்ததும் அக்கால வழக்கப்படி கிறீனிச் பதவியைத் துறக்கவேண்டியிருந்தபோதிலும் ஆய்வைத் துறந்தாரல்லர். 1898 ஆம் ஆண்டுக் கிரகணத்தின்போது இந்தியாவுக்கு வந்து, ஞாயிற்றிலிருந்து நெடுந்தொலை நீளும் ஒளிக்கதிரொன்றைப் படம்பிடித்தார்.

ஒளிமகுடமும் ஞாயிற்றுக் காற்றும்

முழுக் கிரகணத்தின்போது மாத்திரம் கண்ணுக்குத் தோன்றும் கொரோனா என்னும் ஒளிமகுடத்தை ஆராய்வதற்காக அறிஞர் கடல்கடந்து திரிந்த காலம் அது. 1871 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆந் திகதிய கிரகணப் பாதை தென்னிந்தியாவையும் இலங்கையின் வடபகுதியையும் கடந்தது. லொக்கியரின் தலைமையில் வந்த பிரித்தானியக் குழுவின் ஒரு பிரிவினர் யாழ்ப்பாணத்திலே கருவிகளை நிறுத்தி அதனை அவதானித்தனர். 1955 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆந் திகதியும் முழுக் கிரகணமொன்று இலங்கையைக் கடந்தது. அதனைக் காணவந்த வெளிநாட்டுக் குழுக்கள் பலவற்றுக்கு மேகம் ஏமாற்றமளித்தது.

ஒளிமகுடத்தின் வெப்பநிலை பத்து இலட்சம் பாகையளவினதென்பது 1940 களின் தொடக்கத்திலே சுவீடனின் எட்லன் முதலியோர் ஆய்வினாற் புலனாயிற்று. அத்துணை வெப்பமான வாயு ஞாயிற்றோடு ஒட்டிக்கிடத்தல் இயலாது. அது ஒலியின் வேகத்தையும் விஞ்சி எத்திசையும் ஓயாது வீசவேண்டுமென 1958 இல் யூஜின் பாக்கர் கணித்துக் கூறினார். ஞாயிற்றுக் காற்றென்ற இக்கருத்தை ஏற்க மதிப்பீட்டாளர் இருவரும் மறுத்தனர். ஆய்விதழின் ஆசிரியராயிருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் ஐயம் இருந்தது. எனினும் கணிதத்திற் பிழை காட்டப்படாமையால் கட்டுரையை வெளியிட்டார். 1962 இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மரினர் 2 விண்கலம் அக்காற்றை வழியெங்கும் அளந்தது. தாம் நம்பாத கருத்துக்கும் நியாயமான இடமளித்த சந்திரசேகரின் செயல், பெரும்பெயரைக் கொண்டு வாயிலடைத்த கெல்வினின் செயலோடு ஒப்பவைத்து நோக்கற்பாலது.

புயலின் மூன்று தூதுகள்

இன்றைய விளக்கத்தின்படி ஞாயிற்றுப் புயலின் செய்தி மூன்று தூதுகளாகப் பூமியை அடைகின்றது. முதலாவது ஒளியும் எக்ஸ் கதிரும். இவை எட்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் வந்து பகற்பக்கத்து அயன்மண்டலத்தைக் குழப்பிச் சிற்றலை வானொலியை ஊமையாக்கும். இரண்டாவது விரைந்த புரோத்தன்கள்; பத்துக் கணக்கான நிமிடங்களிலிருந்து சில மணிநேரத்துக்குள் வந்து செய்மதிகளையும் விண்வெளி வீரரையும் தாக்கும். மூன்றாவது ஒளிமகுடத்திலிருந்து பெயர்ந்து வரும் பெரும் வாயுத்திணிவு. காந்தத்தையும் சுமந்துவரும் இது பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் வந்துசேரும். கரிங்ரன் கண்ட புயலிலோ பதினேழரை மணிநேரமே சென்றது. அத்திணிவின் காந்தம் தெற்கு நோக்கியதாயின் பூமியின் காந்தக் கவசம் திறந்து இடங்கொடுக்கும். வடக்கு நோக்கியதாயின் பாதிப்புக் குறையும். புயல் வருமென்பது முன்கூட்டித் தெரிந்தாலும் அதன் வலிமை தெரிவது கடினமாயிருத்தற்கு இதுவே தலையாய காரணம்.

இவற்றின் விளைவுகள் தொழில்நுட்பம் வளர வளரப் பெருகின. 1972 ஆம் ஆண்டு ஆகஸ்ற் மாதப் புயலின்போது வியற்நாமின் ஹைபோங் துறைமுகத்துக்குத் தெற்கே அமெரிக்கர் இட்டிருந்த காந்தக் கண்ணிவெடிகள் பல தாமாக வெடித்தன. 1989 ஆம் ஆண்டு மார்ச் 13 ஆந் திகதி நிலத்திலே தூண்டப்பட்ட மின்னோட்டங்கள் நிலைமாற்றிகளுட் புகுந்து கனடாவின் கியூபெக் மாகாணத்து மின்வலையமைப்பை ஒன்றரை நிமிடத்தில் வீழ்த்தின. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணிநேரமளவு மின்சாரமின்றி இருந்தனர். 2003 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் சுவீடனின் மால்மோ நகரம் இருளடைந்தது. 2012 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆந் திகதி ஞாயிற்றிலிருந்து புறப்பட்ட மிகக் கடிய திணிவொன்று பூமி இல்லாத திசையிற் சென்றமையால் உலகம் தப்பியது. 2022 ஆம் ஆண்டு பெப்ருவரியில் சிறியதொரு புயலே மேல்வளிமண்டலத்தை விரியச்செய்து, அப்போதுதான் ஏவப்பட்ட 49 செய்மதிகளுட் பெரும்பாலானவற்றை வீழ்த்திவிட்டது. 2024 ஆம் ஆண்டு மே 10, 11 ஆந் திகதிகளில் நிகழ்ந்த புயல் 2003 ஆம் ஆண்டுக்குப் பின் மிகப் பெரியது. இந்தியாவின் லடாக்கிலும் அதன் செந்நிற ஒளி பதிவாயிற்று.

கற்பித்தலின் வரலாறு

இவ்வறிவு ஆய்வாளரிடமிருந்து மாணவரை அடைந்த வழியும் வரலாற்றுக்குரியதே. யாழ்ப்பாணத்தில் வானியலைப் புதுமுறையிற் கற்பித்தல் வட்டுக்கோட்டைச் செமினரியிலே தொடங்கிற்று. அதன் ஆசிரியருள் ஒருவரான ஹொய்சிங்ரன், இந்து வானியல் முறையை ஆங்கில மொழிபெயர்ப்புடனும் விளக்கக் குறிப்புகளுடனும் 1848 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். சென்னை அவதான நிலையத்தில் பணியாற்றிய ரகுநாதாச்சாரி, 1874 ஆம் ஆண்டு நிகழவிருந்த வெள்ளிக் கடப்பை விளக்கும் சிறுநூலை, பழைய சித்தாந்தியும் புதிய வானியலறிஞரும் உரையாடும் வடிவில் எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளியிட்டார். புதிய அறிவை, கேட்பவன் ஏற்கெனவே அறிந்ததிலிருந்து தொடங்கிக் கற்பிக்கவேண்டுமென்பதை இவர் உணர்ந்திருந்தார்.

1957 ஜூலை முதல் 1958 டிசெம்பர் வரை கொண்டாடப்பட்ட அனைத்துலகப் புவிப்பௌதிக ஆண்டிலே அறுபதுக்கு மேற்பட்ட நாடுகள் ஒன்றுகூடி ஞாயிற்றையும் பூமியையும் அளந்தன. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி 2007 இல் தொடங்கிய அனைத்துலகச் சூரியப் பௌதிக ஆண்டு, மலிவான கருவிகளைப் பள்ளிகளுக்கும் வளரும் நாடுகளுக்கும் வழங்குவதைத் தன் குறிக்கோள்களுள் ஒன்றாகக் கொண்டது. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் உருவாக்கிய எளிய வானொலி ஏற்பிகள் அவ்வழியிற் பல நாட்டுப் பள்ளிகளை அடைந்தன. மிகத் தாழ் மீடிறனில் ஒலிபரப்பும் தொலைநிலையமொன்றின் சைகையை நாள்முழுதும் பதிந்துவந்தால், ஞாயிற்றுச் சுவாலை எழும் வேளையில் அச்சைகையின் வலிமை திடீரென மாறுவதை மாணவரே கண்டுகொள்ளலாம்.

மேலைநாட்டுப் பாடநூல்களை அப்படியே பின்பற்றுவதால் விளையும் இடர்ப்பாடொன்று ஈண்டுச் சுட்டத்தக்கது. நூலிலே தொங்கவிட்ட காந்தத்தைப் போத்தலுள் அடைத்து அதன் அலைவைக் காட்டும் சோதனை வடநாடுகளில் பெயர்பெற்றது. பூமியின் காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் தென்முனைக்கும் இலங்கையின் வடபகுதிக்கும் அண்மையாகச் செல்கின்றது. இங்கே புயல், புலத்தின் வடதென் வலிமையைக் குறைக்குமேயன்றி ஊசியின் திசையைப் பெரிதும் திருப்பாது. ஆகவே போத்தற் காந்தம் பெரும்பாலும் அசையாதிருக்கும். மாணவன் புயலே இல்லையென முடிவுசெய்வான். துருவ ஒளியும் இங்கே தோன்றுவதில்லை.

இதனால் இப்பகுதி மாணவர்க்கு வாய்ப்பில்லையெனக் கொள்ளல் தவறு. ஞாயிறு தலைக்கு நேரே நிற்கும் நாட்டில் எக்ஸ் கதிர் அயன்மண்டலத்தைத் தாக்கும் வலிமையும் மிகுதி; ஆதலின் வானொலிச் சோதனைக்கு இது சிறந்த இடம். திருநெல்வேலி மாவட்டத்திலுள்ள இந்தியக் கடற்படையின் மிகத் தாழ் மீடிறன் நிலையம் அண்மையிலேயே உள்ளது. காந்த மத்தியகோட்டின் மேலே பகற்பொழுதில் பாயும் மின்தாரை இப்பகுதிக்கே உரிய தனிச்சிறப்பு. 1963 ஆம் ஆண்டு நவம்பர் 21 ஆந் திகதி தும்பாவிலிருந்து முதல் உந்துகணை ஏவப்பட்டதற்கு இதுவே காரணம். இலங்கையில் மொறட்டுவைக்கு அண்மையில் ஆதர் சி. கிளாக் பெயரால் அமைந்த நிறுவனத்துக்கு 1996 இல் ஜப்பான் 45 சதமமீற்றர்த் தொலைகாட்டியொன்றை வழங்கியது. அத்துணை பெரிய கருவிதானும் தேவையில்லை. ஊசித்துளையினூடாகவோ சிறு தொலைகாட்டியினூடாகவோ ஞாயிற்றின் விம்பத்தை வெண்தாளில் விழுத்தி, ஒரு வகுப்பு நாள்தோறும் புள்ளிகளை எண்ணிவருமாயின் சுவாபே செய்ததையே அதுவும் செய்கின்றது. ஞாயிற்றைக் கருவியூடாகவோ வெறுங்கண்ணாலோ நேரே நோக்குதல் கண்ணைக் கெடுக்குமென்பதை முதற்பாடமாக வைத்தல் வேண்டும். 2010 ஜனவரி 15 ஆந் திகதியும் 2019 டிசெம்பர் 26 ஆந் திகதியும் கங்கண கிரகணங்கள் யாழ்ப்பாணத்தைக் கடந்தபோது இப்பாடத்தின் தேவை தெளிவாயிற்று.

முடிவுரை

ஞாயிற்றின் சீற்றம் மனித உடலையோ மழையையோ மணவாழ்வையோ ஆட்டிப்படைக்கின்றதென்ற செய்திகள் இன்றும் பரவுகின்றன. மெய்யான புயலெச்சரிக்கையும் அவற்றோடு ஒன்றாகவே மக்களை அடைகின்றது. ஒன்றை அஞ்சி மற்றதையும் அஞ்சுவோரும், ஒன்றை இகழ்ந்து மற்றதையும் இகழ்வோரும் பெருகாதிருக்கவேண்டுமாயின் சான்றை எடைபோடும் ஆற்றலை வகுப்பறை ஊட்டல் வேண்டும். தாது வருஷத்தின் கதையையும் கெல்வினின் கதையையும் அருகருகே வைத்துக் கற்ற மாணவன், ஒற்றுமை கண்டதும் ஏற்கவும் மாட்டான். காரணம் தெரியவில்லையெனத் தள்ளவும் மாட்டான்.

இவ்வரலாறு மற்றுமொன்றையும் உணர்த்துகின்றது. டெசாவ் வணிகரின் நாட்குறிப்பும் கொலாபாவின் கையெழுத்து அளவுகளும் கோடைக்கானலின் படத்தட்டுகளும் எழுதப்பட்ட காலத்தில் அவற்றின் பயன் எழுதியவர்க்கே தெரிந்திருக்கவில்லை. பயன் தெரிந்த காலத்தில் அவற்றைப் புதிதாக எழுதவும் இயலவில்லை. 2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆந் திகதி ஏவப்பட்ட இந்தியாவின் ஆதித்யா எல் 1 விண்கலம், 2024 ஜனவரியில் பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவிலுள்ள தன் நிலையை அடைந்து ஞாயிற்றை நோக்கத் தொடங்கியது. நிலத்திலே நாள்தோறும் பொறுமையோடு எண்ணி எழுதுவோரின் பணி அதனால் முடிந்துவிடவில்லை. இலங்கைப் பாடசாலையொன்று பதினோராண்டுச் சுழற்சியொன்று முழுவதற்கும் புள்ளிகளை எண்ணி ஒரு குறிப்பேட்டைக் காத்துவைக்குமாயின், ஆறாந் தரத்திற் புகுந்த மாணவன் பல்கலைக்கழகம் விட்டு வெளியேறும் காலத்தில் அச்சுழற்சியின் முழு வடிவும் அவனுடைய பாடசாலை ஏட்டிலே இருக்கும்.